எதிரி மந்திரவாதிக்கு மூன்று சுற்று போதும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை விளையாடும் டேபிள்டாப் ஆர்பிஜியை நடத்துகிற யாரிடம் பேசினாலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். வாள்காரன், ஓநாய், பூதம் எல்லாம் ஒழுங்காகச் சண்டை போடுகின்றன. மந்திரவாதியை இறக்கினால் மட்டும் வந்த வேகத்தில் செத்துப்போகிறான், இல்லையென்றால் வந்த வேகத்தில் பாதிப் பேரைச் சாய்த்துவிடுகிறான். நடுவில் ஒரு சண்டை நடந்த மாதிரியே இருப்பதில்லை.

கதையின் பெரிய வில்லனைப் பற்றி நான் பேச வரவில்லை. அவனுக்குப் பெயர், வரலாறு, கோட்டை, பத்துப் பக்கக் குறிப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். நான் சொல்வது பெயரில்லாத மந்திரவாதியை. கொள்ளைக் கூட்டத்தோடு கூலிக்கு வந்தவன், கோபுரத்தின் இரண்டாம் மாடியில் காவல் நிற்பவன், சடங்கு முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடப்பட்டவள். ஆட்டத்தை நடத்தி எதிரிகளை ஆட்டுவிக்கும் கேம் மாஸ்டருக்கு அடிக்கடி தேவைப்படுவது இவர்கள்தான். எனக்கு மிகவும் பிடித்த எதிரிகளும் இவர்கள்தான். அந்தப் பிரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். இந்த வகையில் பெயர்பெற்ற ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், 2014-இல் வந்த எதிரிகள் கையேடான மான்ஸ்டர் மேனுவலில், மேஜ் என்ற பொது எதிரி இருக்கிறான். சேலஞ்ச் ரேட்டிங், அதாவது எவ்வளவு கடினமான எதிரி என்பதற்கான எண், 6. ஹிட் பாயிண்ட், அதாவது உயிர், 40. அவன்மேல் அடி பட எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸ் 12, மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் போட்டிருந்தால் 15. அவனுக்கு 16 மந்திரங்கள் தெரியும். அவற்றில் நான்கு எப்போது வேண்டுமானாலும் போடக்கூடிய சில்லறை மந்திரங்கள். மற்றவற்றுக்காக 14 ஸ்பெல் ஸ்லாட்கள், ஒரு மந்திரம் போட்டால் ஒன்று செலவாகும். பார்க்க மிகவும் தாராளமாக இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு சண்டை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சுற்றில் முடிந்துவிடும் (எல்லோருக்கும் தலா ஒரு முறை வந்து போனால் ஒரு சுற்று). அதாவது இவன் வாழ்நாளில் அதிகபட்சம் நான்கு பெரிய மந்திரம் போடுவான். மீதிப் பத்து ஸ்லாட்டும் அவனோடு சேர்ந்து போய்விடும். அந்த நான்கு எவை என்று தேர்ந்தெடுக்க, நடுச் சண்டையில், எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் 16 மந்திரத்தின் விவரத்தையும் புரட்ட வேண்டும்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிக்கல் புரியும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் பதிப்பைக் கொண்டுவந்தபோது, மந்திரம் வேலை செய்யும் விதத்துக்கு எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளில் வரும் முறையை எடுத்துக்கொண்டார்கள். காலையில் சில மந்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்றைப் பயன்படுத்தினால் அது மூளையிலிருந்து அழிந்துவிடும். ஆட்டக்காரருக்கு இது அருமையான ஏற்பாடு. இன்றைக்கு நிலவறையில் என்ன வரும், இப்போதே செலவு செய்யலாமா, கடைசி அறைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசிக்க வைக்கும். எதிரிக்கு அந்த நாளே கிடையாது. கதவு திறக்கும்போது பிறக்கிறான், அவன் உலகத்தில் ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் இறக்கிறான். ஆட்டக்காரருடைய சிக்கனக் கணக்கை அவன் தலையில் கட்டியதுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் கட்சி.

இதை வடிவமைப்பாளர்கள் உணராமல் இல்லை. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு எதிரிகளை ஆட்டக்காரர் விதிகளிலிருந்து அறுத்துவிட்டது. எதிரி மந்திரவாதிக்கு நாலைந்து சக்திகள், அவ்வளவுதான். அவற்றில் வலுவானது ஒருமுறை பயன்பட்ட பிறகு, ஒவ்வொரு முறையும் ஆறுமுகப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் திரும்பி வரும். தூரத்திலிருந்து அடிப்பவன் ஆர்ட்டிலரி, களத்தைக் கலைப்பவன் கன்ட்ரோலர் என்று வேலைப் பிரிவும் இருந்தது. 2014-இல் பழைய ஸ்லாட் முறைக்கே திரும்பினார்கள். பிறகு மறுபடி மனம் மாறி, நாளுக்கு இத்தனை தடவை என்ற சுருக்கப் பட்டியலும், எப்போதும் கைவசம் இருக்கும் ஒரு மந்திர அடியும் கொடுத்தார்கள். 2025-இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் அதே மேஜுக்கு ஹிட் பாயிண்ட் 81, ஒரே முறையில் மூன்று தடவை ஆர்கேன் பர்ஸ்ட் என்ற அந்த அடி.

நடத்துவதற்கு இது எவ்வளவோ சுலபம். ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. விதிப்படி ஆர்கேன் பர்ஸ்ட் ஒரு மந்திரம் அல்ல, ஒரு தாக்குதல். எதிராளியின் மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் வைத்திருக்கும் ஆட்டக்காரரால் அதைத் தடுக்க முடியாது. மந்திரவாதியோடு மோதும்போது மந்திரத்துக்கு மந்திரம் என்று ஒரு போட்டி நடப்பதுதான் அழகு. அந்தக் கதவைச் சாத்திவிட்டால் அவன் அங்கி போட்ட வில்லாளி ஆகிவிடுகிறான். அதனால் நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சின்ன அடி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். சண்டையைத் திருப்பக்கூடிய எதுவும், வாயால் சொல்லிக் கையால் செய்து காட்டும் நிஜ மந்திரமாகத்தான் இருக்க வேண்டும். தடுக்கத் தெரிந்தவர்கள் தடுக்கட்டும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான வில்லங்கம் அங்கேதான். ஐந்தாம் லெவலில் நான்கு பேர் இருக்கும் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையால் பெரிய வாள் வீசும் வீரர், ஆர்மர் கிளாஸ் 15-க்கு எதிராக, ஒரு முறையில் சராசரியாக 14 புள்ளி இறக்குவார். மறைந்து குத்தும் ரோக் அதற்குக் கொஞ்சம் கீழே. மற்ற இருவரையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 40-இலிருந்து 50 வரை வந்துவிடும். 2014 மேஜின் மொத்த உயிரே 40. நால்வரும் எட்டிவிட்டால் ஒரே சுற்றில் கதை முடிந்தது.

மறுபக்கம் பாருங்கள். அதே மேஜ் கையில் கோன் ஆஃப் கோல்டு என்ற குளிர் மந்திரம் இருக்கிறது. எட்டு எட்டுமுகப் பகடை, சராசரி 36. ஆட்டக்காரர் பக்கத்து மந்திரவாதியான ஐந்தாம் லெவல் விசார்டின் உயிர், உடல்வலு எண்ணான கான்ஸ்டிடியூஷன் 14 என்றால், 32. தாக்கத்தைத் தாங்க உருட்டும் சேவிங் த்ரோ தவறினால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். பக்கத்தில் நிற்பவர்களின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆக, யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் உருட்டலில் அவன் முந்தினால் பாதிப் பேர் தரையில், ஆட்டக்காரர்கள் முந்தினால் அவன் தரையில். ஒரு மணி நேரச் சண்டை என்று நாம் தயாரித்து வைத்தது முதல் பகடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் அதன் அறிவிப்பு மட்டும்தான்.

இதற்காக அவன் உயிரை மட்டும் ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 150 ஹிட் பாயிண்ட் உள்ள மந்திரவாதி, அடித்து அடித்துக் கை ஓயவைக்கும் சுவர். மந்திரவாதி என்றால் மெலிந்தவன், எட்டிப் பிடித்தால் உடைந்துவிடுவான் என்ற எண்ணம் ஆட்டக்காரர்களுக்கு இருக்கிறது. அந்த எண்ணம் சரியாக இருக்க வேண்டும். கஷ்டம் எட்டுவதில்தான் இருக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான்: மந்திரப் பட்டியலுக்குப் பதிலாக அவனுடைய மூன்று சுற்றுகளை எழுதிவைக்கிறேன். முதல் சுற்றில் தரையை மாற்றுவான். இரண்டாவதில் பெரிய மந்திரத்தைத் தொடங்குவான். மூன்றாவதில் அது இறங்கும், அல்லது உடையும். அதோடு அவன் ஓடுவான், சரணடைவான், அல்லது சாவான். நான்காவது சுற்று வந்தால் சின்ன அடிகளை வைத்துச் சமாளிக்கலாம்.

தரையை மாற்றுவது என்பது அடர்ந்த மூடுபனி, நெருப்புக் கோடு, வழுக்கும் பனிப்பாளம், காலைச் சுற்றும் கொடி என எதுவாகவும் இருக்கலாம். அவன் ஒருவன், எதிரே நான்கு பேர். ஒரு சுற்றில் அவனுக்கு ஒரு முறை, அவர்களுக்கு நான்கு. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட அவனுக்குக் கூடுதல் முறைகள் கொடுப்பதைவிட, அவன் ஒருமுறை செய்தது மற்றவர்கள் முறையிலும் வேலை செய்துகொண்டே இருக்கும்படி வைப்பது நல்லது. நெருப்புக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொருவரும் அவனோடுதான் சண்டை போடுகிறார்கள், அவன் முறை வராதபோதும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் மிகவும் பிடிவாதக்காரன். ஆட்டக்காரரின் முறையைப் பறிக்கும் மந்திரத்தைப் பெயரில்லாத எதிரியிடம் கொடுக்க மாட்டேன். ஆளை உறையவைக்கும் ஹோல்டு பெர்சன் மாதிரி ஒன்று பட்டால், விடுபடும்வரை அந்த ஆள் எதுவும் செய்ய முடியாது. மேசையில் ஒரு சுற்று முடியக் கால் மணி நேரம் ஆகும். ஒரு சேவிங் த்ரோ தவறியவர் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து, மறுபடி உருட்டி, மறுபடி தவறி, இன்னொரு கால் மணி நேரம். வாரம் முழுக்கக் காத்திருந்து விளையாட வந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது இல்லை. அவருக்கு இரண்டு மோசமான வழிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடலாம்: நெருப்பைத் தாண்டினால் அடி விழும், தாண்டாவிட்டால் மந்திரம் முடிந்துவிடும். அப்போது அவர் சிரமத்தில் இருக்கிறார், ஆனால் விளையாடிக்கொண்டிருக்கிறார். பெரிய வில்லன் என்றால் வேறு பேச்சு. அவன் பயங்கரமானவன் என்று கதை முழுக்கச் சொல்லி வந்திருப்போம், அவனைச் சந்திக்கும்போது ஒருவர் உறைந்து நிற்பதில் அர்த்தம் இருக்கும்.

எதிரியின் கவுண்டர்ஸ்பெல்லும் இதே குடும்பம்தான். ஆட்டக்காரரின் முறையும் போகும், ஸ்லாட்டும் போகும். 2024 விதிகளில் இதை நன்றாகவே மென்மையாக்கிவிட்டார்கள். மந்திரம் போடுபவர் ஒரு கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ உருட்டலாம், தோற்றாலும் ஸ்லாட் கழியாது. நீங்கள் பழைய விதியில் நடத்தினாலும் இந்த ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பொது மந்திரவாதிக்கு அதைக் கொடுத்தாலும் ஒரே ஒரு தடவைதான் கொடுப்பேன். அதையும் முன்னாலேயே காட்டிவிடுவேன்: இடது கையில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சில்லைத் தயாராகப் பிடித்திருக்கிறான் என்று. அது உடைந்ததும் இனி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு சின்ன மந்திரத்தைப் போட்டு அதைச் செலவழிக்க வைக்கலாமா என்று ஆட்டக்காரர்கள் குசுகுசுப்பார்கள். அந்தக் குசுகுசுப்பு கேட்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் பெரிது.

இப்போது இரண்டாம் சுற்று. என் முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. பெரிய மந்திரத்தை அவன் ஒரு சுற்றில் தொடங்குகிறான், அடுத்த சுற்றில் அவன் முறை வரும்போதுதான் அது இறங்கும். இது நான் வானத்திலிருந்து பிடுங்கியது இல்லை. நீண்ட நேரம் பிடிக்கும் மந்திரங்களுக்கு ஐந்தாம் பதிப்பிலேயே இந்த வழி உண்டு: ஒவ்வொரு முறையும் அதிலேயே செலவிட வேண்டும், கான்சன்ட்ரேஷன் என்ற மன ஒருமை கலைந்தால் மந்திரமும் போச்சு. அதையே சண்டைக்குள் கொண்டுவருகிறேன். அடிபடும்போது கான்சன்ட்ரேஷனுக்காக உருட்டும் சேவிங் த்ரோவுக்கு மட்டும் பதிலாக ஒரு எண்ணை வைக்கிறேன். அந்தச் சுற்றுக்குள் அவன்மேல் 20 புள்ளி அடி விழுந்தால் மந்திரம் உடையும்.

பகடைக்குப் பதில் எண் ஏன் என்றால், எண்ணை நான்கு பேர் சேர்ந்து துரத்த முடியும். வில்காரர் 9 அடித்ததும் இன்னும் 11 என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அடுத்தவர் தன் திட்டத்தை மாற்றுகிறார். பகடை என்றால் அடிப்பது ஆட்டக்காரர், உருட்டுவது கேம் மாஸ்டர், நடுவில் அதிர்ஷ்டம். மேஜின் கான்ஸ்டிடியூஷன் 11. சின்ன அடிக்கு அவன் இருபதுமுகப் பகடையில் 10-க்குக் குறையாமல் உருட்ட வேண்டும், அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு, காசு சுண்டிவிடுவதற்குக் கொஞ்சம் மேலே. அதில் திட்டமிட எதுவும் இல்லை.

அறிவிக்கும்போது மழுப்பக் கூடாது. முதலில் கதையாகச் சொல்வேன்: அவன் பேச்சை நிறுத்திவிட்டான். கோலின் நுனியில் ஒரு பொறி. அறையில் உள்ள காற்றெல்லாம் அந்தப் பக்கம் இழுபடுகிறது, உங்கள் அங்கிகளின் ஓரம் அவனை நோக்கிப் பறக்கிறது. உடனே விதியாகவும் சொல்வேன்: இந்த 20 அடி வட்டத்துக்குள் யார் இருந்தாலும் அவன் அடுத்த முறையில் அடி விழும், அதற்குள் 20 புள்ளி இறக்கினால் உடையும். சிலருக்கு இரண்டாவது பகுதி மாயத்தைக் கெடுப்பதாகத் தோன்றுகிறது. என் அனுபவம் நேர் எதிர். எண் தெரிந்த பிறகுதான் மேசையில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வருகிறார்கள். தெரியாத ஆபத்து வந்து விழுந்தால் எரிச்சல்தான் வரும். தெரிந்த ஆபத்து நெருங்க நெருங்கத்தான் பயம் வரும்.

ஒரு முழுச் சுற்று எச்சரிக்கை கொடுத்துவிட்டதால் அடி கனமாகவே இருக்கலாம். ஃபயர்பால் என்ற நெருப்புப்பந்து மந்திரத்தின் அளவுக்கு, எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. சிதறி ஓட நேரம் இருந்தது, தூணுக்குப் பின்னால் பதுங்க நேரம் இருந்தது. அப்படியும் விழுந்தால் அது ஆட்டக்காரர்கள் எடுத்த முடிவின் விலை.

இப்படி ஒருவனை ஐந்தாம் லெவல் குழுவுக்கு எழுதினால் என் அட்டையில் இவ்வளவுதான் இருக்கும். ஹிட் பாயிண்ட் 65, ஆர்மர் கிளாஸ் 13, அவன் மந்திரத்தைத் தாங்க எட்ட வேண்டிய சேவிங் த்ரோ எண் 14. சின்ன அடி ஒரு முறைக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு எட்டுமுகப் பகடை. தரை மாற்றம் ஒன்று. பெரிய மந்திரம் ஒன்று. பாதி உயிர் போனதும் ஒரே ஒரு தடவை, 30 அடி தள்ளி மறைந்து தோன்றும் வித்தை. மூன்றாம் லெவல் குழுவென்றால் உயிரைப் பாதியாக்கி, பெரிய மந்திரத்தை நான்கு ஆறுமுகப் பகடையாக்கி, உடைக்கும் எண்ணை 10 ஆக்கிவிடுங்கள். மேலே போகும்போதும் இதே மாதிரி கூட்டிக்கொள்ளலாம்.

அவன் தனியாக நிற்கவே கூடாது, அதைச் சொல்ல மறந்துவிடப்போகிறேன். முன்னால் கேடயம் தாங்கிய இருவர். அவர்கள் பலசாலிகளாக இருக்க வேண்டாம், வழியில் இருந்தால் போதும். இடம் வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண நடை 30 அடி. கவுண்டர்ஸ்பெல் எட்டுவது 60 அடி. அவனை 50 அடியில், நடுவில் கெட்ட தரையோடு வைத்தால், வாள்காரருக்கு இரண்டு முறை பிடிக்கும், ஆனால் குழுவின் மந்திரக்காரருக்கு முதல் நொடியிலிருந்தே கைக்கெட்டும் தூரம். 70 அடியில் வைத்தால் அவர் கவுண்டர்ஸ்பெல் வெறும் அலங்காரம். அதை நான் செய்வதில்லை.

பொதுவானவன் என்றால் சப்பென்று இருப்பான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் அவனை அலங்கரிக்க இறங்கிவிடுகிறார்கள்: குலம், குரு, குழந்தைப் பருவம். சண்டையில் ஆட்டக்காரர்கள் கண்ணுக்கு அதில் எதுவும் தெரியாது. தெரிவது இரண்டு. அவன் மந்திரம் எப்படி இருக்கிறது, அவனுக்கு இந்த இடத்தில் என்ன வேண்டும்.

முதலாவதை மாற்றுவது மிகச் சுலபம். அதே அட்டை, அதே எண்கள். நெருப்புக்காரன் என்றால் தரை எரியும். பனிக்காரி என்றால் தரை வழுக்கும், கடந்து போக நடை இரட்டிப்பாகச் செலவாகும். சாவு மந்திரம் பயின்றவன் என்றால், விழுந்த காவலாள் அடுத்த சுற்றில் எழுந்து அதே இடத்தில் நிற்பான். மாயை காட்டுபவள் என்றால் ஒரே உருவம் மூன்று இடத்தில் தெரியும், பெரிய மந்திரம் தொடங்கும்போது மட்டும் எதற்கு நிழல் விழுகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு அட்டையை வைத்து நீங்கள் ஒரு கதையின் பெரும்பகுதியை ஓட்டலாம். ஒரே எண்கள்தான் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவதுதான் கனமானது. வாசலைக் காக்கிறாளா? அப்படியென்றால் பின்தொடர்ந்து வர மாட்டாள், நீங்கள் பின்வாங்கினால் விட்டுவிடுவாள். உள்ளே சடங்கு முடிய நேரம் சம்பாதிக்கிறானா? கொல்வதில் ஆர்வமே இருக்காது, தரையைக் கெடுத்துக்கொண்டே இருப்பான், பேச்சுக் கொடுத்தால் சந்தோஷமாகப் பேசுவான். கூலிக்கு வந்தவனா? பாதி உயிர் போனதும் கூலி போதவில்லை என்று முடிவெடுத்து மறைந்துவிடுவான். இந்த ஒரு வரி உங்களிடம் இருந்தால், ஒவ்வொரு முறையும் என்ன செய்வது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். அவன் புத்திசாலி என்பதும் அதில்தான் தெரியும். கடைசிப் புள்ளிவரை நின்று சாகும் மந்திரவாதியை நான் நம்புவதில்லை. இவ்வளவு படித்தவனுக்கு ஓடத் தெரியாதா?

ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதிப்படி ஒருவனைப் பிடித்து இறுக்கினால் மட்டும் மந்திரம் நிற்காது. ஓசையை அடக்கும் சைலன்ஸ் போட்டால் சொல்லால் ஆகும் மந்திரங்கள் நிற்கும். ஆனால் பின்னாலிருந்து பாய்ந்து வாயைப் பொத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால், புத்தகத்தைத் திறக்காமல் ஒரு உருட்டல் கொடுங்கள். ஜெயித்தால் அந்தச் சுற்றில் மந்திரம் இல்லை. 50 அடி கெட்ட தரையைத் தாண்டி அவன் கழுத்துவரை வந்தவருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். கோலைப் பிடுங்குவது, கண்ணில் மண் தூவுவது, அவன் பார்வையை மறைக்க மேசையைக் கவிழ்ப்பது, எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கடைசியாக, அவன் விழுந்தால் கையில் என்ன இருக்கும் என்பது. காசும் மோதிரமும் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். இவனிடம் இருக்க வேண்டியது ஒரு மந்திரப் புத்தகம். குழுவில் விசார்ட் இருந்தால் அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். மந்திரத்தின் லெவல் ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரமும் 50 தங்கக் காசும் ஆகும், மூன்றாம் லெவல் மந்திரமான ஃபயர்பால் என்றால் 6 மணி நேரம், 150 காசு. அந்தப் புத்தகத்தில் சண்டையில் அவன் போட்ட மந்திரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும், குறிப்பாக அவர்கள் பயந்து சிதறிய அந்தப் பெரிய மந்திரம். கூடவே அவன் போட நேரம் கிடைக்காத இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். தப்பித்துவிட்டான் என்றால் புத்தகமும் அவனோடுதான் போகிறது. அடுத்த அமர்வில் அவனைத் தேடிப் போகலாமா என்று உங்கள் விசார்டே கேட்பார். அப்போது அவனுக்கு ஒரு பெயர் யோசித்து வையுங்கள்.